பழைய படத்தில் இருப்பது என்ன மட்டை?

வாசகர் கேள்வி, 2 மார்ச் 2024

வீட்டில் 1960-களின் படம் ஒன்று கிடைத்தது. என் கொள்ளுத்தாத்தா இன்னும் நான்கு பேருடன் நிற்கிறார். எல்லார் கையிலும் மட்டை. இறகுப்பந்து மட்டை என்றுதான் நினைத்தேன், ஆனால் மரத்தில், கனமாகத் தெரிகிறது. ஐந்து பேர் ஒரு பக்கம் நின்று இறகுப்பந்து ஆடுவார்களா? பூப்பந்து என்பது இதற்கே இன்னொரு பெயரா?

3 மார்ச் 2024, காலை 6:50

இல்லை. பூப்பந்து வேறு, இறகுப்பந்து வேறு. பூப்பந்தில் இறகு கிடையாது. மஞ்சள் கம்பளி நூலில் செய்த பந்து, 27 முதல் 30 கிராம். பக்கத்துக்கு ஐந்து பேர். ஆடுகளம் 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். மட்டை மரம்தான், 165 முதல் 185 கிராம் வரை இருக்கும். இன்றைய இறகுப்பந்து மட்டையை எடுத்த கையோடு இதை எடுத்தால் கை கீழே இறங்கும்.

பெரியவர்களிடம் பூப்பந்து என்று கேட்டால் சில சமயம் புரியாது. 'பால் பேட்மிட்டன்' என்று கேளுங்கள். முகம் மலரும்.

1856 வாக்கிலேயே தஞ்சை அரண்மனைக் குடும்பத்தார் ஆடியதாகச் சொல்வார்கள். காற்றடிக்கும் நாளில் இறகு பறந்துவிடும், கம்பளிப் பந்து நிற்கும் என்று வெள்ளைக்காரர்களும் இதை ஆடியிருக்கிறார்கள்.

எங்கள் தாத்தா சதர்ன் ரயில்வே அணிக்கு ஆடியவர். அதனால்தான் இவ்வளவும் தெரியும்.

3 மார்ச் 2024, இரவு 10:15

காலையில் அவசரமாக எழுதினேன். தாத்தாவைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்த மனம் வரவில்லை.

தாத்தா திருச்சி பொன்மலைக்காரர். ரயில்வே பணிமனை 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாறியபோது அவருடைய அப்பாவும் குடும்பத்தோடு கூடவே வந்தார். தாத்தா 1931-ல் பொன்மலையில் பிறந்து, 18 வயதில் பணிமனையில் அப்ரண்டிசாகச் சேர்ந்து, ஃபிட்டராகி, 58 வயதில் ஓய்வு பெற்றார். 2016-ல் காலமானார்.

உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். பூப்பந்து வலை நடுவில் 1.83 மீட்டர், அதாவது ஆறடி. கணக்குப் போட்டுப் பாருங்கள். "எதிர்ல இருக்கவனுக்கு என் தலை தெரியாது. பந்து மட்டும் தன்னால வர்ற மாதிரி இருக்கும். பாதிப் பேரு பயத்துலயே தோத்துருவான்" என்பார்.

அவர் நிற்பது சென்டரில். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நடுவில் இவர். ஓடுகிற ஓட்டம் முழுக்க சென்டருக்குத்தான். ஆனால் அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. பந்து போகிற இடத்தில் ஏற்கெனவே நிற்பார். அப்போது எனக்கு ஏழெட்டு வயது. தாத்தா எங்கே நிற்கிறாரோ அங்கேதான் பந்து வர வேண்டும் என்பதுதான் ஆட்டத்தின் விதி என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

4 மார்ச் 2024

ஒரு திருத்தம். 'தாத்தா ஓடி நான் பார்த்ததே இல்லை' என்று எழுதியதைப் படித்துவிட்டு அப்பா சிரித்தார். நான் பார்த்தது அவருடைய ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும்தான். முப்பது வயதில் பேயாய் ஓடுவாராம். ஓட்டம் குறையக் குறையத்தான் நிற்கிற இடம் பிடிபட்டது என்கிறார் அப்பா.

6 மார்ச் 2024

மட்டையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாத்தாவின் மட்டை என்னிடம்தான் இருக்கிறது. அது எப்படி என்னிடம் வந்தது என்பது ஒரு கதை, அப்புறம் சொல்கிறேன். இப்போது முன்னால் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

பிடியில் சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிச் சுற்றியிருக்கிறார். கட்டைவிரல் படும் இடத்தில் ரப்பர் தேய்ந்து மரம் தெரிகிறது. அந்த மரமும் குழிந்து, மெருகேறி, அரக்கு நிறத்தில் இருக்கிறது. என் கட்டைவிரலை வைத்தால் குழியில் இடம் மிச்சம் இருக்கிறது. தலைப்பகுதியை இரண்டு தேக்குச் சட்டங்களுக்கு நடுவில் வைத்து, நாலு மூலையிலும் விங் நட் போட்டு முடுக்கியிருக்கிறார். ஈரக்காற்றில் மரம் முறுக்கிக்கொள்ளும், அதற்காக. தினமும் ஆட்டம் முடிந்ததும் நாலு நட்டையும் ஒரே அளவாகத் திருகுவார், ஒன்று கூடினாலும் மட்டை கோணிவிடும் என்று. அந்த நேரத்தில் மட்டும் யாரோடும் பேச மாட்டார்.

நரம்பை விரலால் மீட்டி, காதை வைத்துக் கேட்டு, "சுருதி இறங்கிருச்சு" என்பார். அப்பாயி அடுக்களையிலிருந்து, "கச்சேரி முடிஞ்சா சாப்பிட வாங்க" என்பாள்.

உங்கள் படத்தில் மட்டையைச் சுற்றிச் சட்டம் மாதிரி ஏதாவது தெரிகிறதா?

6 மார்ச் 2024, சற்று நேரம் கழித்து

பெட்டியில் அவர் கடைசியாக ஆடிய பந்தும் இருந்தது. சமையலறைத் தராசில் வைத்தேன். 24 கிராம். மீதியைப் பூச்சி தின்றுவிட்டது.

10 மார்ச் 2024

சங்கைப் பற்றிச் சொல்லாமல் பொன்மலையைப் பற்றிச் சொல்ல முடியாது.

பணிமனையில் வேலை தொடங்கவும் முடியவும் சங்கு ஊதும். சைரன்தான், ஆனால் ஊரில் எல்லாருக்கும் அது சங்கு. அதை வைத்துத்தான் உலை வைப்பார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு விரட்டுவார்கள். தாத்தாவின் புகழ்பெற்ற பேச்சு ஒன்று உண்டு: "மத்த ஊர்ல சங்கு ஊதினா ஆளு திரும்ப மாட்டான். தினம் சங்கு ஊதியும் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்புறவன் பொன்மலைக்காரன் மட்டும்தான்."

இதைக் கல்யாண வீட்டிலும் சொல்வார், துக்க வீட்டிலும் சொல்வார். துக்க வீட்டில் சொல்லும்போதும் ஒருவர்கூட முகம் சுளித்துப் பார்த்ததில்லை. செத்தவரின் மனைவியே சிரித்து, சிரித்ததும் அழுது, பிறகு ஒரு வாய் காபி குடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற மறுநாளும் காலைச் சங்குக்கு எழுந்து, குளித்து, சட்டை போட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாராம். "எங்க கிளம்பிட்டீங்க?" என்று அப்பாயி கேட்டதற்கு, "எங்கயும் இல்ல. சங்குக்கு ஒரு மரியாதை" என்றாராம்.

11 மார்ச் 2024

சங்கு என்றதும் நினைவுக்கு வந்தது. வருடத்தில் ஒரு நாள் அவர் மட்டையைத் தொட மாட்டார். செப்டம்பர் 5.

1946-ல் அதே நாளில்தான் பொன்மலைச் சங்கத்திடலில் வேலைநிறுத்தத் தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டது. ஐந்து பேர் இறந்தார்கள். தாத்தாவுக்கு அப்போது 15 வயது. அவருடைய அப்பா அன்றைக்கு இரவு வரை வீடு திரும்பவில்லை. மறுநாள் காலையில்தான் வந்திருக்கிறார், செருப்பில்லாமல். தாத்தா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

இதை அவர் எங்களிடம் ஒரே ஒரு முறை, இரண்டு வாக்கியத்தில் சொன்னார். வேடிக்கையாக எதையும் சேர்க்கவில்லை. அவர் வாயிலிருந்து வேடிக்கை இல்லாமல் வந்த பேச்சு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

17 மார்ச் 2024

'அது ஒன்றுதான்' என்று எழுதியது சரியில்லை. இன்னொன்று இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

முதலில் 1974. மே 8 முதல் 27 வரை நாடு முழுக்க ரயில்வே வேலைநிறுத்தம். ஆட்களைக் கைது செய்துகொண்டிருந்தார்கள். தாத்தா இரவோடு இரவாக லால்குடிப் பக்கம் அப்பாயியின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். மட்டையை எடுத்துக்கொண்டு ஓடினால் ஊரே அடையாளம் கண்டுவிடும், அதனால் வெறுங்கையோடு போனார்.

மூன்று நாள் பொறுத்திருக்கிறார். நாலாம் நாள் தென்னை மட்டையைச் சீவி ஐந்து மட்டை செய்தார். வாழைநாரை நனைத்துச் சுற்றி, மேலே பழைய மஞ்சள் துணியைக் கிழித்துச் சுற்றி ஒரு பந்து. களத்துமேட்டில் கோடு போட்டு, வலைக்குப் பதில் வைக்கோல் பிரி கட்டி, தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். சின்னப் பாட்டி தலையில் அடித்துக்கொண்டாளாம்: "ஒளிஞ்சிருக்க வந்த மனுசன் ஊரைக் கூட்டி வெச்சிருக்காரே!"

வேலைநிறுத்தம் முடிந்து அவர் திரும்பியபோது பிள்ளைகள் பஸ் வரைக்கும் வந்தார்களாம். அதில் ஒருவர் பின்னாளில் உடற்பயிற்சி ஆசிரியரானார். தாத்தாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தார். தென்னை மட்டைக் கதையைச் சொன்னவர் அவர்தான். தாத்தா எங்களிடம் இதை வாயே திறக்கவில்லை.

18 மார்ச் 2024

வீட்டுச் சண்டையை அவர் தீர்த்துவைக்கிற முறை.

72 வயதில் முழங்கால் விட்டுவிட்டது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு நடுவராக உட்கார ஆரம்பித்தார். மடக்கு நாற்காலி, தலையில் துண்டு, கையில் விசில். இப்போது ஓர் ஆட்டம் 35 புள்ளி. இவர் பழைய நினைப்பில் 29-லேயே விசில் ஊதிவிடுவார். பையன்கள் கத்தினால், "என் காலத்து 29 உங்க காலத்து 35-க்குச் சமம். விலைவாசி ஏறிடுச்சுல்ல" என்பார்.

பொன்மலைப்பட்டியில் வாங்கிப்போட்ட மனை விஷயமாக அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு பொங்கலன்று இரண்டு பேரையும் திண்ணையில் எதிரெதிரே உட்காரவைத்தார். இவன் அன்றைக்கு இப்படிச் சொன்னான், அவன் இப்படிச் செய்தான் என்று இரண்டு பேரும் மாறி மாறிப் பழசைக் கிளறினார்கள். அரை மணி நேரம் கேட்டார். பிறகு விசிலை எடுத்து ஊதினார். தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "ஸ்கோர் ரொம்ப ஏறிப்போச்சு. லவ் ஆல்" என்றார்.

சைபருக்குச் சைபர். மறுபடி முதலிலிருந்து.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யார் கோபித்துக்கொண்டாலும் யாராவது ஒருவர் 'லவ் ஆல்' என்பார்கள். என் கணவர் வேறு ஊர்க்காரர், கல்யாணமான புதிதில் இது என்னவென்று புரியாமல் விழித்தார். இப்போது அவர்தான் அதிகம் சொல்கிறார்.

அதே மாதிரி இன்னொரு சொல் உண்டு: "வெளிய போற பந்து, விடு." யாராவது நம்மைப் பற்றி ஏதாவது பேசினார்கள் என்று போய்ச் சொன்னால் இதுதான் பதில்.

23 மார்ச் 2024

பெரிய திருத்தம். இதை எழுதாமல் விட முடியாது.

நான் முதல் நாள் எழுதிய வரியை, தாத்தா சதர்ன் ரயில்வேக்கு ஆடியவர் என்பதை, பெரியத்தை படித்துவிட்டு போன் செய்தார். "யாரு சொன்னா? ஆடவே இல்ல. கூடப் போனாரு, அவ்வளவுதான்."

படத்தை எடுத்துப் பார்த்தேன். பின்னால் பென்சிலில் 1961 என்று இருக்கிறது. பத்துப் பேர். ஐந்து பேர் மட்டையோடு நிற்கிறார்கள், ஐந்து பேர் தரையில் சம்மணம் போட்டிருக்கிறார்கள். தாத்தா தரையில், வலது ஓரம். நாற்பது வருடமாகப் பார்க்கிற படம். நிற்பவர்கள் ஆடுகிறவர்கள், உட்கார்ந்திருப்பவர்கள் மாற்று ஆட்டக்காரர்கள் என்று இதுவரை யோசித்ததே இல்லை.

அவர் அடிக்கடி சொல்கிற ஒரு பேச்சு உண்டு. "நான் இறங்கின மேட்ச்ல ரயில்வே ஒண்ணுகூடத் தோத்ததில்ல." பெருமைப் பேச்சு என்று நினைத்து நாங்கள் கைதட்டுவோம். அவரும் தலையைக் குனிந்து ஏற்றுக்கொள்வார். இறங்கினால்தானே தோற்பதற்கு! அந்தப் பேச்சு வேடிக்கை என்பது எனக்கு இன்றைக்குத்தான் விளங்குகிறது. அவரோடு சேர்ந்து சிரிக்க எட்டு வருடம் தாமதம்.

23 மார்ச் 2024, இரவு

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. தாத்தா கண்டிப்பாக ஒரு ஆட்டத்தில் இறங்கினார் என்கிறார். 1961-ல் அப்பாவுக்கு ஐந்து வயது. அத்தைக்கு எட்டு. இரண்டு பேரும் போட்டி நடந்த ஊருக்குப் போகவில்லை.

24 மார்ச் 2024

இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வருத்தம் இருக்கிறதா என்றால் இருக்கிறது, ஆனால் அவர் ஆடவில்லை என்பதற்காக இல்லை. முப்பது வயது. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை தேர்வாகி, பெட்டி கட்டி, ரயிலேறிப் போய், ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறார். திரும்பி வந்த அன்றைக்கு அப்பாயியிடம் என்ன சொல்லியிருப்பார்? அன்றைக்கே வேடிக்கையாகச் சொல்ல முடிந்திருக்குமா, இல்லை அதற்குச் சில வருடம் பிடித்ததா? கேட்க இப்போது இரண்டு பேரும் இல்லை.

அவருடைய பெட்டியில் ஒரு பத்திரிகைத் துண்டு இருந்தது. 1970-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பூப்பந்துக்கு முதன்முறையாகக் கிடைத்த செய்தி. பெற்றவர் ஆந்திரத்தைச் சேர்ந்த பிச்சையா. நூறு வயதைக் கடந்து 2021 டிசம்பரில்தான் மறைந்தார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்னால் துணி வைத்து ஒட்டியிருக்கிறார் தாத்தா. தன்னைப் பற்றிய ஒரு காகிதமும் அந்தப் பெட்டியில் இல்லை.

31 மார்ச் 2024

தள்ளிப்போட்டதை எழுதிவிடுகிறேன்.

அப்பாயி 2009-ல் போனாள். அதற்குப் பிறகு ஒரு வருடம் தாத்தாவிடமிருந்து ஒரு வேடிக்கைப் பேச்சு இல்லை. மடக்கு நாற்காலி மைதானத்துக்குப் போகவில்லை. சாயங்காலம் மட்டையின் நட்டுகளைக் கழற்றுவார், மறுபடி முடுக்குவார், அவ்வளவுதான். ஒரு நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, "சாப்பிட வாங்கன்னு கூப்பிட ஆளு இல்லாம கச்சேரி எப்ப முடியுதுன்னே தெரியலம்மா" என்றார். இதைத்தான் சொல்ல வந்தேன்.

முதல் திவசத்தன்று இலையில் வடை வைத்தோம். கொஞ்சம் கெட்டியாகிவிட்டது. ஒரு கடி கடித்துவிட்டுக் கையில் உருட்டிப் பார்த்தார். "முப்பது கிராமுக்கு மேல இருக்கு. இது மேட்ச்சுக்கு ஆகாது" என்றார். சித்தப்பாதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தோம். அத்தை இலையை விட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தார்.

மறுநாள் நாற்காலி மைதானத்துக்குப் போனது.

2 ஏப்ரல் 2024

மட்டை என்னிடம் வந்த கதை. தாத்தா போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொன்மலைச் சந்தை நாள். சங்கு ஊதாத நாள். எடுக்கும்போது மட்டையையும் கூட வைத்து அனுப்பிவிட வேண்டும் என்று அத்தை பிடிவாதமாக இருந்தார். எல்லாரும் தேடினோம். கிடைக்கவில்லை. சித்தப்பா அதற்கு முன்பே எடுத்து, சந்தைக் கூட்டத்துக்குள் புகுந்து, தெரிந்த வெங்காயக்காரர் ஒருவரின் சாக்குக்கு அடியில் வைத்துவிட்டு வந்துவிட்டார். மூன்றாம் நாள்தான் சொன்னார். மட்டையில் இன்னும் லேசாக வெங்காய வாசனை அடிக்கிறது என்று நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அத்தை ஒரு வருடம் சித்தப்பாவிடம் பேசவில்லை. அப்புறம், தெரியுமே, லவ் ஆல்.

14 ஏப்ரல் 2024

புத்தாண்டுக்குப் பொன்மலை போயிருந்தேன். 1961 அணியில் இப்போது உயிரோடு இருப்பவர் ஒருவர்தான், பக்கத்து லைன் மாமா. 87 வயது. காது கேட்கவில்லை, நினைவு மட்டும் கண்ணாடி. படத்தைக் கையில் கொடுத்துக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்க தாத்தன் இறங்கினான். கடைசி மேட்ச். நாங்க ஜெயிக்கிற கட்டம். சென்டர் ஆடினவனுக்குக் கால்ல பிடிப்பு. இவனை இறக்கினாங்க. இன்னும் ரெண்டு பாயிண்ட்டுதான் வேணும். ஒரு பந்து முன்னாலயே முடிஞ்சிருச்சு. அடுத்தது எதிர்ப்பக்கத்துக்காரன் ஓங்கி அடிச்சான் பாரு, நேரா இவன் தலைக்கு மேல வருது. பின்னால இருந்த ரெண்டு பேரும் எடு எடுன்னு கத்துறான். இவன் மட்டையைத் தூக்கவே இல்ல. கையை இடுப்புல வெச்சிக்கிட்டு, 'வெளிய போற பந்து, விடு'ன்னான். கோட்டுக்கு அந்தப் பக்கம் நாலு விரக்கடை தள்ளி விழுந்துச்சு. மேட்ச் முடிஞ்சுது."

மாமா இதைச் சொல்லிவிட்டுப் படத்தில் தாத்தா உட்கார்ந்திருந்த இடத்தை விரலால் தடவினார். "ரயில்ல திரும்பி வர்ற வரைக்கும் சிரிச்சோம். பந்தையே தொடாம ஜெயிச்சுக் குடுத்தவன்னு."

14 ஏப்ரல் 2024, இரவு 9:40

இதை அப்பாவிடமும் அத்தையிடமும் சொன்னேன். "நான் சொன்னேன்ல, இறங்கினாருன்னு" என்கிறார் அப்பா. "பந்தைத் தொட்டாரா? தொடலல்ல? அப்ப ஆடலன்னுதானே அர்த்தம்?" என்கிறார் அத்தை. இரண்டு பேரும் போனை வைக்கிற மாதிரி தெரியவில்லை. ஒரு மணி நேரம் ஆகப்போகிறது.

15 ஏப்ரல் 2024

கேள்வி கேட்ட வாசகருக்கு: உங்கள் கொள்ளுத்தாத்தா படத்தில் நிற்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் ஆடியவர்தான். படத்தின் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், பென்சிலில் ஏதாவது இருக்கும். அந்த ஐந்து பேரில் ஒருவர் இருந்தாலும் சரி, இந்த வாரமே போய்ப் பாருங்கள்.